அவுட் ரன்: ஐந்து முடிவிடங்களையும் எட்டிப்பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் செகா நிறுவனம் 1986-இல் ஆர்கேடுகளில், அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களில், இறக்கிய 'அவுட் ரன்' விளையாட்டைக் கார் பந்தயம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அதில் பந்தயமே கிடையாது. முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை. சாலையில் வரும் மற்ற வண்டிகள் உங்களை முந்தப் பார்ப்பதில்லை, தம் பாட்டுக்குப் போகின்றன. உங்களுக்கு எதிராக இருப்பது திரையின் மேலே குறைந்துகொண்டே வரும் கடிகாரம் ஒன்றுதான். இதை உருவாக்கிய யூ சுசுகியும் இதைப் பந்தய விளையாட்டு என்று சொல்லாமல் கார் ஓட்டும் விளையாட்டு என்றே சொல்லிவந்தார். இந்த வேறுபாடு மனத்தில் பதியாதவரை மூன்றாம் கட்டத்தைத் தாண்டுவது கடினம். பந்தயம் என்று நினைப்பவர் முன்னால் போகும் வண்டியைத் துரத்துவார், பயணம் என்று நினைப்பவர் சாலையைப் பார்ப்பார்.

சுசுகி முதலில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பயணமாகத்தான் இதை யோசித்தார். அங்கே நெடுந்தூரத்துக்கு ஒரே மாதிரி நிலமே வருகிறது என்று பட்டதால் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். பிராங்பர்ட்டில் ஒரு பிஎம்டபிள்யூவை வாடகைக்கு எடுத்து, ஆல்ப்ஸ் மலை, பிரான்சின் தென்கடற்கரை, மொனாக்கோ, ரோம் என்று ஓட்டிப் பார்த்துப் படம்பிடித்து வந்தார். விளையாட்டின் நாயகனான சிவப்பு ஃபெராரி டெஸ்டரோசாவை மனத்தில் பதித்தது மொனாக்கோதான். ஆனால் திரையில் வரும் உலகம் எந்த நிலப்படத்துக்கும் கட்டுப்பட்டதில்லை. தென்னை நிற்கும் கடற்கரையில் கிளம்பி ஐந்தாறு நிமிடத்தில் ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் போய் நிற்கலாம், கொஞ்சம் வேறு மாதிரித் திரும்பினால் அமெரிக்காவின் டெத் வேலியில் நிற்கலாம். நடுவில் ஒரு வினாடி கூடத் திரை நிற்காது. வானத்தின் நிறமும் தரையின் நிறமும் ஓடும்போதே மாறிவிடும்.

மொத்தம் 15 கட்டங்கள், அதில் ஒரு பயணத்தில் வருவது 5. முடிவிடங்களும் 5. அந்த ஐந்தையும் தொடுவதற்கான வழி கீழே. காசு போட்டதும் ஆக்சிலேட்டரை மிதித்து, முதல் வளைவிலேயே பல்டியடித்து, 'கஷ்டமான கேம்' என்று எழுந்து போனவர்கள்தான் இதைப் படிக்க வேண்டியவர்கள்.

முதலில் எந்தப் பதிப்பு

மூல ஆர்கேடு இயந்திரம் எங்காவது கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். நின்றபடி ஆடும் பெட்டியும் உண்டு, உட்கார்ந்து ஆடும் பெட்டியும் உண்டு. உட்காரும் வகையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இருக்கையோடு சேர்ந்து பெட்டியே சாயும்.

வீட்டில் ஆடுவதற்கு என் முதல் தேர்வு நின்டெண்டோ ஸ்விட்ச்சில் வந்த 'செகா ஏஜஸ்' பதிப்பு. எம்2 என்ற ஜப்பானியக் குழு செய்தது. ஜப்பானில் 2018-இலும் மற்ற நாடுகளில் 2019-இலும் வந்தது. ஆர்கேடு பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு திரையோட்டத்தை மட்டும் வினாடிக்கு 60 சட்டகமாக ஆக்கியிருக்கிறார்கள். மூல இயந்திரத்தில் அது 30-தான். இதே குழு நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்குச் செய்த பதிப்பும் அருமையானது. ஒவ்வொரு முடிவிடத்தையும் எட்டும்போது வண்டிக்கு ஒரு மேம்பாடு கிடைக்கும். ஆனால் அந்தக் கருவியின் இணையக் கடை 2023-இல் மூடப்பட்டுவிட்டதால் ஏற்கெனவே வாங்கி வைத்தவர்களுக்குத்தான் அது. ஃபெராரி உரிமம் இல்லாததால் இந்தப் பதிப்புகளில் காரின் தோற்றத்தை லேசாக மாற்றியிருப்பார்கள். ஓட்டத்தில் அதனால் எந்த வித்தியாசமும் இல்லை.

செகாவின் வீட்டு விளையாட்டுக் கருவியான மெகா டிரைவுக்கு 1991-இல் வந்த பதிப்பு மோசமில்லை. அதற்கென்றே 'ஸ்டெப் ஆன் பீட்' என்று கூடுதலாக ஒரு பாட்டும் உண்டு. கணினியில் ஆடுபவர்களுக்கு 'கேனன்பால்' என்ற திறமூல நிரல் இருக்கிறது. மூல விளையாட்டின் நிரலைப் பிரித்துப் படித்து மறுபடி எழுதியது அது. விளையாட்டின் மூலக் கோப்புகளை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். 1980-களின் வீட்டுக் கணினிகளுக்கு வந்த பதிப்புகளை விட்டுவிடுங்கள். சாலையின் ஏற்ற இறக்கமும் அந்த வேகமும் இல்லாத அவுட் ரன்னில் பழகினால் கை தவறான பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

2003-இல் வந்த 'அவுட் ரன் 2' ஆடியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே வளைவில் வண்டியைச் சறுக்க விட்டு ஓட்டுவதுதான் விளையாட்டே. அதன் பிந்தைய பதிப்புகளில் முன் வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு வேகம் பிடிக்கவும் முடியும். 1986-இன் ஆட்டத்தில் இரண்டும் கிடையாது. அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

அமைப்புகளில் மூன்று மாற்றம்

ஒன்று, நேரம். ஆர்கேடு இயந்திரத்திலேயே கடை உரிமையாளர் நேரத்தைக் கூட்டிக் குறைக்கவும், சாலையில் வண்டிகளின் நெரிசலை மாற்றவும் பலகையில் சுவிட்சுகள் இருந்தன. மறுபதிப்புகளில் அது அமைப்புப் பட்டியலாகவே இருக்கும். கற்கும் நாட்களில் இரண்டையும் 'எளிது' என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு கட்டத்தின் வளைவுகளைக் கற்க வேண்டுமானால் அந்தக் கட்டம் வரை போய்ச் சேர வேண்டுமே.

இரண்டு, கியர். தானியங்கி கியர் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இந்த வண்டிக்கு இருப்பதே லோ, ஹை என்று இரண்டு கியர். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். கடைசியில் சொல்லப்போகும் தந்திரத்துக்குக் கியர் உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும்.

மூன்று, திருப்பும் கட்டுப்பாடு. மூல இயந்திரத்தின் ஸ்டீயரிங் கொஞ்சம் திருப்பினால் கொஞ்சமும், நிறையத் திருப்பினால் நிறையவும் திரும்பும். ஆகவே அம்புக்குறிப் பொத்தானை விட அனலாக் குச்சிதான் இதற்கு ஏற்றது. பொத்தான்தான் இருக்கிறது என்றால் அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டித் திருப்பப் பழகுங்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

ஆட்டம் தொடங்கும் முன் கார் ரேடியோவின் முள் திரையில் வரும். ஸ்டீயரிங்கைத் திருப்பி மூன்று பாட்டுகளில் ஒன்றை எடுக்கலாம்: மேஜிக்கல் சவுண்ட் ஷவர், பாஸிங் பிரீஸ், ஸ்பிளாஷ் வேவ். மூன்றுமே ஹிரோஷி கவாகுச்சியின் இசை. ஆட்டக்காரரே பாட்டைத் தேர்வதென்பது அன்றைக்குப் பெரிய புதுமை.

இது வெறும் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். கற்கும் காலத்தில் ஒரே பாட்டையே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு தொடக்கத்திலிருந்து கடைசிவரை வெட்டுப்படாமல் ஓடுவதால், தடங்கல் இல்லாமல் ஓட்டும்போது ஒரு குறிப்பிட்ட வளைவு ஏறத்தாழ பாட்டின் ஒரே இடத்தில் வரும். சில நாளில் காதே உங்களுக்கு நேரத்தைச் சொல்லும்: 'இந்த இடம் வருவதற்குள் முதல் பிரிவைத் தாண்டியிருக்க வேண்டுமே' என்று. என் விருப்பம் ஸ்பிளாஷ் வேவ். மேஜிக்கல் சவுண்ட் ஷவர்தான் பலருக்கும் பிடித்தது, ஆனால் அதன் துள்ளல் என் காலை ஆக்சிலேட்டரிலேயே ஒட்ட வைத்துவிடுகிறது.

கிளம்புவது

வண்டி சறுக்கி வந்து கோட்டில் நிற்கும், விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். இதற்கிடையில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து இன்ஜினை அலறவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிக் கிளம்பினால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகையைக் கிளப்பும், வண்டி நகராது. லோ கியரில் வைத்து, இன்ஜின் சுழற்சியைக் காட்டும் பட்டை நடுவில் நிற்கும்படி மிதித்து விட்டு மிதித்து விட்டு வையுங்கள். பச்சை விழுந்ததும் முழுவதும் மிதியுங்கள்.

பட்டை சிவப்பை நெருங்கும்போது ஹை கியருக்கு மாற்றுங்கள். அவசரப்பட்டு முன்பே மாற்றினால் வண்டி மூச்சுத் திணறும், தாமதித்தால் லோ கியரின் உச்சத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஹை கியரில் உச்ச வேகம் மணிக்கு 293 கி.மீ. அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் அதைக் காப்பதுதான் இனி உங்கள் வேலை.

கிளம்புவதில் மிச்சமாகும் ஒரு வினாடி ஏன் முக்கியம்? ஒரு கட்டத்தின் முடிவில் மீதமிருக்கும் நேரம் அழிவதில்லை. அடுத்த கட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் அதன் மேல் சேர்கிறது. முதல் கட்டத்தில் சேமித்த வினாடி ஐந்தாம் கட்டத்தில் உங்கள் கையில் இருக்கும். அவுட் ரன்னின் கணக்கே இவ்வளவுதான். கடைசிக் கட்டத்தில் நேரம் போதாமல் தோற்பவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தை முதல் இரண்டு கட்டங்களிலேயே தொலைத்திருப்பார்கள்.

வளைவு

இந்த விளையாட்டின் வளைவு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சாலை இடப்பக்கம் வளையும்போது வண்டி தானாக வலப்பக்கம் தள்ளப்படும். வேகம் கூடக்கூடத் தள்ளலும் கூடும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புவது அந்தத் தள்ளலை ஈடுகட்டத்தான். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும்.

முதலாவது, தள்ளப்படப் போகும் பக்கத்தில் இடம் வைத்துக்கொள்ள வேண்டும். இடது வளைவு வருகிறதென்றால் அது தொடங்குவதற்கு முன்பே சாலையின் இடப்பாதிக்கு வந்துவிடுங்கள். வளைவு உங்களை வலப்பக்கம் தள்ளும், தள்ளிக்கொண்டே போய் வலது ஓரத்தைத் தொடுவதற்குள் வளைவே முடிந்திருக்கும். நிஜப் பந்தயத்தில் வெளியே அகன்று, உள்ளே வெட்டி, மறுபடி வெளியே அகல்வார்கள். அதை இங்கே செய்து பார்த்து நொந்துபோனவர்கள் நிறையப் பேர். இங்கே உள்பக்கமாக நுழைந்து வெளிப்பக்கமாக வருவதுதான் வழி.

இரண்டாவது, பிரேக்கை மறந்துவிடுங்கள். மிதித்த காலைக் கொஞ்சம் எடுத்தாலே தள்ளல் சட்டென்று குறையும். பெரும்பாலான வளைவுகளுக்கு அது போதும். பிரேக் மிதித்தால் 293-க்குத் திரும்ப ஏறுவதற்குள் பல வினாடி போய்விடும். கடைசி இரண்டு கட்டங்களின் மிகக் கூர்மையான சில வளைவுகளில் மட்டும் லேசாகத் தொடலாம். கோகனட் பீச்சில் பிரேக் மிதிக்கிறீர்கள் என்றால் ஏதோ தவறாகச் செய்கிறீர்கள் என்று பொருள்.

ஓரத்தைப் பற்றியும் ஒரு செய்தி. ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் மண்ணில் இறங்கினால் வேகம் ஓரளவே குறையும். இரண்டு பக்கமும் இறங்கினால் கல்லைக் கட்டி இழுத்த மாதிரி ஆகிவிடும். எனவே வெளியே தள்ளப்படும்போது பதறி எதிர்ப்பக்கம் முழுவதும் ஒடிக்காதீர்கள். ஒரு பக்கம் மண்ணில் ஓட, பிடியை அப்படியே வைத்து வளைவை முடித்துவிடுவது பல நேரம் லாபம். ஓரத்தில் மரமோ பலகையோ பாறையோ இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

மேடுகளும் உண்டு. ஏற்றத்தின் உச்சிக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் வளைகிறது என்று சாலையைப் பார்த்துத் தெரியாது, தொலைவில் ஓரமாக நிற்கும் மரங்களும் பலகைகளும் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்பதைப் பாருங்கள். கண் எப்போதும் உங்கள் வண்டிக்கு மேலே, அடிவானத்தை ஒட்டியே இருக்க வேண்டும். சொந்த வண்டியைப் பார்த்து ஓட்டுபவர் அதிகத் தூரம் போக மாட்டார்.

போக்குவரத்து

லாரிகள், போர்ஷே, பிஎம்டபிள்யூ, கார்வெட், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்று கலந்து வரும். எல்லாமே உங்களைவிட மெதுவானவை. மோதினால் வண்டி திருகிச் சுழலும், வேகம் சரியும். ஓரத்திலுள்ள பொருளில் உயர் வேகத்தில் மோதினால்தான் அந்தப் புகழ்பெற்ற பல்டி: வண்டி கவிழ்ந்து, ஓட்டுநரும் பக்கத்தில் இருக்கும் பெண்ணும் சாலையில் விழுந்து, மீண்டும் நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். பார்க்க வேடிக்கைதான். ஆனால் ஒரு பயணத்தில் ஒரு பல்டியை எப்படியோ சமாளிக்கலாம், இரண்டாவது பல்டியோடு பெரும்பாலும் பயணம் முடிந்துவிடும்.

ஆகவே, வண்டியில் இடிப்பதா ஓரத்துக்குப் போவதா என்ற நிலை வந்தால் ஓரத்தில் என்ன நிற்கிறது என்பதை வைத்து முடிவெடுங்கள். வெறும் மண் என்றால் ஓரம். மரம் என்றால் காலை எடுத்து, முன் வண்டிக்குப் பின்னால் ஒரு கணம் காத்திருங்கள். நான்கு வழியும் அடைபட்ட மாதிரித் தெரியும் கூட்டத்தைக் கண்டதும் நடுவே புகுந்துவிடலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலான விபத்துக்குக் காரணம். வளைவில் மற்ற வண்டிகளும் பாதை மாறும் என்பதை நினைவில் வையுங்கள். நேரான சாலையில் முந்துவது சுலபம், வளைவுக்குள் முந்துவதென்றால் உள்பக்கமாக முந்துங்கள். அவர்களைவிட வேகமாகப் போவதால் வெளிப்பக்கம் தள்ளப்படப் போவது நீங்கள்தான்.

பாதை பிரியும் இடம்

கடைசிக் கட்டம் தவிர ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை அகன்று இரண்டாகப் பிரியும். நான்கு முறை பிரிவதால் மொத்தம் 16 வழிகள். ஆனால் முடிவிடம் 5-தான். இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் தலா ஒரே வழி, அவற்றை அடுத்த இரண்டுக்கும் தலா 4 வழி, நடுவில் இருப்பதற்கு 6 வழி. பொதுவாக இடப்பக்கம் எளிது, வலப்பக்கம் போகப் போகக் கடினம்.

இடமிருந்து வலமாகக் கட்டங்களின் வரிசை இது:

முதல் கட்டம்: கோகனட் பீச்.
இரண்டாம் கட்டம்: கேட்வே, டெவில்ஸ் கேன்யன்.
மூன்றாம் கட்டம்: டெசர்ட், ஆல்ப்ஸ், கிளவுடி மவுண்டன்.
நான்காம் கட்டம்: வில்டர்னஸ், ஓல்டு கேப்பிட்டல், வீட் ஃபீல்டு, சீசைடு டவுன்.
ஐந்தாம் கட்டம்: வைன்யார்டு, டெத் வேலி, டெசொலேஷன் ஹில், ஆட்டோபான், லேக்சைடு.

கடைசி ஐந்தையும் ஏ (A) முதல் இ (E) வரை ஆங்கில எழுத்திட்டுச் சொல்வது வழக்கம். ஆட்டம் முடிந்ததும் நீங்கள் வந்த வழியை ஒரு வரைபடத்தில் காட்டுவார்கள், அதைப் பார்க்காமல் பொத்தானைத் தட்டிவிடாதீர்கள்.

பிரிவில் செய்யக்கூடாதது ஒன்றுதான்: தயங்குவது. எந்தப் பக்கம் என்பதைக் கட்டம் தொடங்கும்போதே முடிவு செய்து, சாலை அகலத் தொடங்கியதும் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். இரண்டு சாலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டு பக்கச் சக்கரமும் மண்ணில்தான்.

ஐந்தே பயணத்தில் பதினைந்து கட்டம்

பலரும் ஏதோ ஒரு பக்கம் திரும்பி, ஒவ்வொரு முறையும் புதுக் கட்டத்தில் மாட்டிக்கொண்டு, எதையுமே முழுதாகக் கற்காமல் விட்டுவிடுகிறார்கள். முந்தைய பயணத்தில் கற்றதை விடாமல் அடுத்ததற்குக் கொண்டுபோகும் ஒரு வரிசை இருக்கிறது. இதைப் பின்பற்றினால் ஐந்து முடிவிடங்களையும் தொடுவதோடு 15 கட்டங்களும் வந்துவிடும், ஒன்றுகூட விடுபடாது.

முதல் வழி, நான்கு முறையும் இடது. கோகனட் பீச், கேட்வே, டெசர்ட், வில்டர்னஸ், வைன்யார்டு. இதில் தேறும்வரை வேறு எந்தப் பக்கமும் திரும்பாதீர்கள், எத்தனை நாளானாலும் சரி. கோகனட் பீச் எல்லாப் பயணத்துக்கும் பொது என்பதால் அதில்தான் அதிக உழைப்பைப் போட வேண்டும். அகலமான சாலை, மென்மையான வளைவு. பெரும்பகுதியைக் காலை எடுக்காமலே கடக்கலாம். கேட்வேயில் சாலைக்கு மேலே கல் வளைவுகள் வரிசையாக வரும். அதன் தூண்கள் இரு பக்கமும் நிற்பதால் ஓரத்துக்கு ஒதுங்கும் வசதி அங்கே இல்லை. வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது சாலைக்குள்ளேயே இருங்கள்.

இரண்டாம் வழி: இடது, இடது, வலது, இடது. முதல் மூன்று கட்டங்கள் கைவசம் இருப்பவை. புதிதாக வருவது ஓல்டு கேப்பிட்டலும் டெத் வேலியும் மட்டுமே.

மூன்றாம் வழி: இடது, வலது, வலது, இடது. கேட்வேயிலிருந்து ஆல்ப்ஸ், வீட் ஃபீல்டு வழியாக டெசொலேஷன் ஹில். நடுவிலுள்ள இந்த முடிவிடத்துக்கு 6 வழி இருக்கும்போது இதை ஏன் எடுக்க வேண்டும்? வீட் ஃபீல்டு அடுத்த பயணத்திலும் வரப்போகிறது, அதற்காகத்தான்.

நான்காம் வழி: வலது, வலது, இடது, வலது. இங்கேதான் நிலைமை மாறும். இரண்டாம் கட்டமே டெவில்ஸ் கேன்யன், அதன் பின் கிளவுடி மவுண்டன். முன்பு இரண்டாம் கட்டத்தில் நேரம் சேர்த்துப் பழகியவர்களுக்கு இங்கே கையிருப்பு கரைவதைப் பார்க்கப் பகீரென்று இருக்கும். அதன் பின் ஏற்கெனவே தெரிந்த வீட் ஃபீல்டு வருவதால் மூச்சு விடலாம், அங்கே இழந்ததை மீட்டுக்கொண்டு ஆட்டோபானுக்குள் நுழையுங்கள். மூன்றாவது பிரிவில் பழக்கதோஷத்தில் வலது திரும்பிவிடாதீர்கள்.

ஐந்தாம் வழி, நான்கு முறையும் வலது. டெவில்ஸ் கேன்யன், கிளவுடி மவுண்டன், சீசைடு டவுன், லேக்சைடு. புதிது இரண்டுதான், ஆனால் இந்த இரண்டும்தான் ஆட்டத்தின் கடினமான முனை. நான்காம் வழியில் கிளவுடி மவுண்டனைப் பல்டி இல்லாமல் கடக்க முடிந்த பிறகு மட்டும் இதற்கு வாருங்கள்.

பயிற்சியின்போது, ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் சோதனைச் சாவடிகளைத் தாண்டுகையில் அந்தக் கட்டத்துக்கு எடுத்த நேரம் திரையில் வரும், கவனியுங்கள். வேகம் கூடியதா என்பதை இந்த எண் மட்டும்தான் உண்மையாகச் சொல்லும். ஓட்டும்போது தோன்றும் வேகம் நம்பத்தக்கதல்ல. நன்றாக ஓட்டிய கட்டம் பெரும்பாலும் சலிப்பாகத்தான் தோன்றும். எதிலும் உரசாமல், எதற்கும் பதறாமல் போயிருப்பீர்கள்.

ஒவ்வொரு முடிவிடத்திலும் ஒவ்வொரு குட்டிக் காட்சி காத்திருக்கிறது. அவற்றைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். ஒன்றில் மட்டும், இவ்வளவு பாடுபட்டு ஓட்டிவந்த கார் எல்லோர் முன்னாலும் பிரிந்து விழும்.

கியர் தந்திரம்

இது முன்பே தெரிந்திருந்தாலும், குறைந்தது இரண்டு முடிவிடங்களைத் தொட்ட பிறகு முயலுங்கள். ஜப்பான் ஆட்டக்காரர்கள் இதைக் கியா கச்சா என்பார்கள். உயர் வேகத்தில் ஹை கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது லோவுக்குத் தட்டி உடனே ஹைக்குத் திரும்பினால், அதற்குப் பின் ஒரு சிறு இடைவெளிக்கு, மண்ணில் இறங்கினாலும் வேகம் குறைவதில்லை. விளையாட்டின் நிரலில் உள்ள ஓர் ஓட்டை இது. இடைவெளி முடிவதற்குள் மறுபடி தட்டினால் மறுபடி கிடைக்கும். இதையே இடைவிடாமல் செய்துகொண்டு சாலையின் நெரிசலை விட்டு ஓரமாகவே 293-இல் பறப்பவர்கள் இருக்கிறார்கள்.

பழகும் முறை: கோகனட் பீச்சில் நேரான பகுதியில் வேண்டுமென்றே ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி, வேக எண்ணைப் பார்த்தபடி தட்டிப் பாருங்கள். எண் சரிந்தால் தாமதமாகத் தட்டியிருக்கிறீர்கள். மண்ணில் இறங்குவதற்குச் சற்று முன்பே தட்டுவதுதான் சரி. கை பழகிய பின் இரண்டு பக்கச் சக்கரங்களையும் இறக்கிப் பாருங்கள். வேகம் இழக்காததால் ஓரப் பொருளில் மோதினால் விழும் பல்டியும் முழு வேகத்தில்தான் இருக்கும். கேட்வே தூண்களுக்கு நடுவில் இதைச் செய்து பார்க்க நினைக்காதீர்கள்.

இதை ஏமாற்று என்று ஒதுக்குபவர்களும் உண்டு. என் எண்ணத்தில், ஏ முதல் சி வரையான முடிவிடங்களுக்கு இது தேவையே இல்லை. அங்கே இதை நம்பினால் வளைவைக் கற்காமலே போய்விடுவீர்கள். லேக்சைடுக்குக் கடைசி நேரத்தில் உதவும். உயர்ந்த மதிப்பெண் வேண்டுமானால் இது இல்லாமல் முடியாது. மதிப்பெண் வேகத்தோடு ஏறுகிறது, முடிவிடத்தில் மிச்சமிருக்கும் நேரத்துக்கும் தனி ஊக்கம் உண்டு.

ஐந்தையும் எட்டிய பிறகு

நேர அமைப்பை இயல்புக்கு மாற்றி அதே வரிசையில் மறுபடி தொடங்குங்கள். 'எளிது' அமைப்பில் தேறிய லேக்சைடு 'இயல்பு' அமைப்பில் உடனே தேறாது, ஆனால் வைன்யார்டு இந்த முறை விரைவாக வரும். அடுத்து நெரிசல் அமைப்பைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், எது உங்களைத் தோற்கடித்தது என்று தெரியாமல் போய்விடும்.

உயர்ந்த மதிப்பெண் பட்டியலில் இடம்பிடித்தால் மூன்று எழுத்தில் பெயர் பதியும் திரை வரும். அங்கே 'லாஸ்ட் வேவ்' என்ற நான்காவது இசை ஒலிக்கும், மெதுவாக, கடலலைச் சத்தத்தோடு. ரேடியோவில் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்காகவே சிலர் எழுத்தைப் போடாமல் முடிந்த மட்டும் நேரத்தை இழுப்பார்கள். அந்தத் திரைக்கும் ஒரு கடிகாரம் ஓடுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.